பவர் சப்ளை பழசு என்றார்கள், மச்சான்

அன்பு மச்சான் சேகருக்கு,

நீ போய்ப் பத்து மாதமாகிறது. முதல் கடிதத்தில் நல்ல சேதிதான் எழுத வேண்டும் என்றிருந்தேன். நடக்கவில்லை. இது ஒரு வழக்கு. உன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றித்தான் ஆரம்பித்தேன். எப்படி முடிந்தது என்பதை நீயே படித்துக்கொள்.

நாலு வருடத்துக்கு முன் மல்லிகாவுக்காக நீ பாகம் பாகமாக வாங்கி உன் கையாலேயே பூட்டித் தந்த கம்ப்யூட்டர், இரண்டு மாதமாகச் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துகொண்டிருந்தது. உன் தங்கை சாயங்காலத்தில் செமோர் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதில்தான் ஆன்லைனில் பாடம் நடத்துகிறாள். பின்னக் கணக்கைப் பாதி சொல்லியிருப்பாள், திரை கறுத்துவிடும். ஒரே நாளில் மூன்று தடவை அணையும், பிறகு நாலு நாளைக்குச் சமர்த்தாக இருக்கும். இரண்டு பெற்றோர் வேறு டீச்சரைத் தேடிக்கொண்டார்கள்.

என் குணம்தான் உனக்குத் தெரியுமே. முதலில் பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டேன். கேட்டுக்கு வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தார். அடுத்து இடி மின்னலை. அதற்கடுத்து மல்லிகாவையே. "காலை நீட்டி சுவிட்ச தட்டிடுறியா?" என்று கேட்டு, சுவிட்சின் மேல் டேப் ஒட்டி வைத்தேன். அன்றைக்கு அவள் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

"முன் ஹால்ல மாட்டிப் பாருங்களேன்," என்றாள்.

"எதுக்கு? இந்த ரூம் வயரிங் நான் செஞ்சதுலா. கமுந்திங் பேக்டரில முப்பது வருசம் கரண்டு வேல பாத்தவன்கிட்டயா சொல்ற?" டெஸ்ட் பென்னை பிளக் பாயிண்டில் செருகிக் காட்டினேன். பளிச்சென்று எரிந்தது. "பாரு, கரண்டு வருது. கோளாறு பெட்டிக்குள்ளதான்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஈப்போவில் ஒரு கடைக்குப் போனேன். அங்கிருந்த சீனர் இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு தடவைகூட அணையவில்லை என்றார். புத்தியுள்ளவன் அந்த இடத்திலேயே யோசித்திருப்பான். நான் அவரைச் சந்தேகப்பட்டேன். பக்கத்தில் நின்றுகொண்டு, திறந்து காட்டச் சொன்னேன். பவர் சப்ளையைக் கழற்றித் திருப்பிப் பார்த்தவர், "இனி லாமா புஞா, அங்கிள்," என்று மலாயில் சொன்னார். பழசாம். ஸ்டிக்கரில் இருந்த வருடம், நீ கம்ப்யூட்டர் பூட்டியதற்கு மூன்று வருடம் முந்தியது.

"உள்ள இருக்கிறது எல்லாம் பெட்டி பிரிக்காத புதுசு மச்சான்." இப்படித்தானே அன்றைக்கு நீ சொன்னாய்?

எனக்குத் தலை சூடேறிவிட்டது. நீ கம்ப்யூட்டர் கடையில் ஸ்டோர் பார்த்தவன். கழித்துப் போட்டதை எடுத்து என் தலையில் கட்டிவிட்டாய் என்று முடிவு செய்தேன். பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நீ தந்த மிக்சி, ரேடியோ என்று ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது மச்சான், ஆனால் பார்த்தேன்.

"எங்கண்ணன கள்ளன்னு சொல்றீங்களா?" என்று கேட்டாள் மல்லிகா. அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

வீட்டோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சனிக்கிழமை காலையில் நம் ரப்பர் தோட்டத்து ஆட்கள் கூடும் மாமாக் டீக்கடை தெரியுமே. பால் மரங்களை வெட்டி வீடு கட்டிய பிறகு, நாம் எல்லாரும் முகம் பார்த்துக்கொள்வது அங்கேதான். அங்கே உட்கார்ந்து, "சேகரு எனக்கே பழசத் தள்ளிட்டான்லா," என்றேன். மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பேச்சு கமலாவின் காதுக்குப் போக மூன்று நாள்கூட ஆகவில்லை. "அண்ணே, ஒரு நட வீட்டுக்கு வாங்க," என்று போன் செய்தாள். உன் மனைவி அழுவாள், இல்லை திட்டுவாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். இரண்டும் இல்லை. உன் கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு, "கேளுங்க," என்றாள்.

கீ... என்று ஒரு விசில். மெல்லிசுதான், ஆனால் நிற்கவே இல்லை.

"உங்களுக்கு வாங்குன புது பவர் சப்ளை இதுதாண்ணே. மாட்டிப் பாத்தாரு, சத்தம் வந்துச்சு. மாத்தி வாங்க நேரமில்ல, மறுநாளே மல்லிகாவுக்கு வகுப்பு. எங்கதுல இருந்த நல்லதக் கழட்டி உங்களுக்கு மாட்டிட்டு, விசில் அடிக்கிறத இங்க வச்சுக்கிட்டாரு. தங்கச்சி பாடம் நடத்துறப்ப சத்தம் வரக்கூடாதுன்னாரு. நாலு வருசமா அடிச்சுக்கிட்டிருக்கு."

அவள் மைலோ கலக்கிக் கொடுத்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே குடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, நான் வைத்த பிளக் பாயிண்டைக் கழற்றினேன். நியூட்ரல் வயரின் திருகு தளர்ந்து, நுனி கருகிப்போயிருந்தது. டெஸ்ட் பென் லைவ் வயரைத்தான் காட்டும், நியூட்ரல் விட்டுப்போனால் காட்டாது. இதைப் பேக்டரியில் எத்தனை பேருக்கு நான் சொல்லியிருப்பேன்! உலகத்தையே சந்தேகப்பட்டவன், என் கைவேலையை மட்டும் சந்தேகப்படவில்லை.

நீ மட்டும் ஏன் மச்சான் பொய் சொன்னாய்? "உன்னோடதுல கோளாறு, என்னோடத வச்சுக்கோ" என்று சொன்னால் வாங்கமாட்டேன் என்று நினைத்தாயா? வாங்கியிருக்கமாட்டேன்தான். அதற்காக, இறந்த பிறகு இப்படி ஒரு பழியைச் சுமப்பதா?

புது பிளக் பாயிண்ட் போட்டாயிற்று. மூன்று வாரமாகக் கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட அணையவில்லை. கருகிய வயரை மல்லிகாவிடம் காட்டினேன். கமலா சொன்னதையும் சொன்னேன். அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எங்க உக்காந்து சிரிச்சீங்களோ, அங்க போய்ச் சொல்லுங்க."

இரண்டு சனிக்கிழமை போனது. இரண்டு தடவையும் கடை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். முப்பது வருடம் கரண்டு வேலை பார்த்தவனின் திருகு தளர்ந்த கதையைக் கேட்டால் மேசை சும்மா விடுமா?

சிரிக்கட்டும். வருகிற சனிக்கிழமை உள்ளே போவேன், மச்சான். அதே மேசையில் உட்கார்ந்து, அன்றைக்கு உன் பெயரைச் சொன்னதைவிடச் சத்தமாக என் பெயரைச் சொல்வேன். இந்தத் தடவை மல்லிகாவும் கூட வருகிறாள். நான் சொல்கிறேனா என்று பார்க்க வேண்டுமாம்.

உன் தங்கையைக் கட்டியும் உன்னைத் தெரிந்துகொள்ளாத மச்சான்,
ராஜு