பால்கனியில் தொங்கிய செடிப்பைகள்

செவ்வாய்க்கிழமை, இரவு.

பால்கனிக் கம்பியில் மாட்டிய செடிப்பைகளில் புதினா முழுக்கக் கருகிவிட்டது. கீரையும் போய்விட்டது. குழாயில் நல்ல தண்ணீர் வந்து ஒரு வாரமாகிறது. போர்வெல் தண்ணீரைத்தான் ஊற்றினேன். அது காய்ந்ததும் மண்மேல் உப்பு வெள்ளையாகப் படிந்துவிடுகிறது.

தோணியில் சரக்கு ஏற்றும்போது விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனதிலிருந்து, என் வீட்டுக்காரருக்குக் கட்டிலில் இருந்து தெரிவது அந்தப் பால்கனி ஒன்றுதான். கண்ணுக்குப் பச்சையாக ஏதாவது இருக்கட்டும் என்று மாட்டினேன். கடலை மறைக்கட்டும் என்றும் நினைத்தேன். அதை அவரிடம் சொன்னதில்லை.

இன்று சாயங்காலம் காய்ந்ததைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார்.

"ஏளா, அதக் கழட்டிரு."

"வேற நாத்து வாங்கிட்டு வாரேன். இந்தத் தடவ வந்துரும்."

"வராது. ஒனக்கும் தெரியும். தெனமும் ஒண்ணொண்ணா சாவுதத பாத்துக்கிட்டு கெடக்க முடியல."

"கழட்டுனா கடல் தெரியுமே."

"தெரியட்டும். நீ எதுக்கு மாட்டுனன்னு எனக்குத் தெரியாதா?"

கழற்றி, மண்ணைக் கொட்டி, பைகளை மடித்து வைத்தேன். துறைமுகத்துக் கிரேன்களும் அவற்றுக்கு அப்பால் கடலும் தெரிந்தன. ஒரு தோணி வெளியே போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பால்கனிக் கதவைச் சாத்தவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

சாப்பாடும் வேண்டாம் என்றுவிட்டார். இப்போதும் தூங்கவில்லை, மூச்சிலேயே தெரிகிறது. நான் எழுதுவதும் அவருக்குக் கேட்கும். விளக்கை அணைத்துவிடலாம்.