பாக்கெட்டின் பின்பக்கம்

தம்போய்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பிரவீனாவுக்கு,

பிரேமலா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரர் லெட்சுமணன் அண்ணனும் சின்னவனும் சுகமாக இருக்க வேண்டும். உன் போனுக்கு அழைத்தால் போகவில்லை, வாட்ஸ்அப்பில் உன் படமும் தெரியவில்லை. அதனால்தான் தபால். காகிதத்தில் எழுதிப் பல வருடம் ஆகிறது, கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

இங்கே வேலை நிறைய. நாம் ஒரே ஒரு பழைய பொரி மெஷினோடு தொடங்கிய கடைக்குப் பக்கத்துக் கடையையும் எடுத்துவிட்டேன். இப்போது ஐந்து மெஷின், பதினோரு பெண்கள். நம்மோடு தொழிற்சாலையில் வேலை போனவர்கள் அவர்களில் நான்கு பேர். காளியம்மா அக்கா தினமும் உன்னைக் கேட்கிறார். நம் ‘டப் டப்’ உருளைக்கிழங்குப் பொரி ஜொகூர் முழுக்கப் பேரங்காடிகளில் இருக்கிறது. அடுத்த மாதம் சிங்கப்பூருக்கும் போகிறது. நெத்திலி சம்பல் சுவைதான் முதலில் தீர்ந்துபோகிறது.

மழை என்றால் இன்னும் கவலைதான். மெஷினில் போடும் உருளைக்கிழங்கு மாவு வில்லைகளில் ஈரம் ஏறினால் பொரியாமல் தட்டையாகவே விழுகிறது. முதல் வருடம் அப்படி மூன்று நாள் விழுந்ததையெல்லாம் கொட்டிவிட்டு நான் அழுதபோது, “அழுவாத லா, காரை வெயில்ல போடு” என்றாய். வெயில் வந்ததும் உன் கன்சில் காருக்குள் தட்டுகளை அடுக்கிக் காய வைத்தோம். பிறகு பொரிந்தது பார், உள்ளங்கை அகலம்! எண்ணெய் இல்லாமல் பொரிக்கலாம் என்பதே உன் யோசனை. சம்பல் உன் கைப்பக்குவம். மெஷின் போடும் சத்தத்தைப் பெயராக வைத்ததும் நீதான்.

தொலைக்காட்சியிலிருந்து வந்தவர்கள் இது யாருடைய யோசனை என்று கேட்டார்கள். “என்னோடதுதான்” என்று சொல்லிவிட்டேன். நீ குறைமாதத்தில் பிறந்த பிள்ளையோடு மெர்சிங் ஊருக்குப் போய் அப்போது எட்டு மாதம்கூட ஆகவில்லை. கேமராவைப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் விற்பனையைப் பார்க்கும் சுகுமாறன், என் படத்தைப் போட்டு ‘ஒரு பெண்ணின் சமையலறையில் பிறந்தது’ என்று பாக்கெட்டின் பின்பக்கத்துக்கு எழுதிக் கொண்டுவந்தபோது கேமரா இல்லை. நிதானமாகப் படித்துவிட்டுத்தான் சரி என்றேன்.

போன வாரம் லெட்சுமணன் அண்ணனிடம் பேசினேன். மெர்சிங் படகுத்துறைக் கடையில் நம் பாக்கெட்டைப் பார்த்து ஆசையாக எடுத்தாயாம். பின்பக்கம் படித்தாயாம். “திருப்பி அதே எடத்துல நேரா நிக்க வச்சிட்டு வந்துட்டா” என்றார்.

சிங்கப்பூருக்குப் புதுப் பாக்கெட் அச்சடிக்க வேண்டும். என் படத்தையும் அந்த வரியையும் எடுத்துவிட்டேன். “ரெண்டு பேருன்னா கதை கொழம்பும்” என்றார் சுகுமாறன். குழம்பட்டும் என்றேன். வேலை இழந்த இரண்டு தோழிகள் தொடங்கியது என்று எழுதி, உன் பெயரை முதலில் வைத்திருக்கிறேன். ஆனால் உன்னைக் கேட்காமல் இன்னொரு முறை எதையும் அச்சடிக்க மாட்டேன். அச்சகத்தில் நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டேன். சரக்கு தாமதமாகப் போனால் போகட்டும்.

வேண்டாம் என்றால் அதையும் எழுது, இரண்டு பெயரையும் எடுத்துவிடுகிறேன். சரி என்றால், பெயரோடு உன் அப்பா பெயரைச் சேர்ப்பதா, அண்ணன் பெயரைச் சேர்ப்பதா, வெறும் பிரவீனாவா என்று சொல். இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் எனக்கு அது தெரியவில்லை.

சின்னவனுக்குக் காரம் போடாத ஒரு பாக்கெட் இத்துடன் வருகிறது. இப்போது ஓடத் தொடங்கியிருப்பான். நோய்நொடி இல்லாமல், உன்னைப் போல் நல்ல மனதோடு வளரட்டும்.

பதில் எழுத மனம் வராவிட்டாலும், அவனுக்குக் கொடுக்கும்போது நீயும் ஒன்று எடுத்து வாயில் போட்டுப் பார். சரியாகப் பொரிந்திருக்கிறதா என்று இங்கே யாரிடமும் என்னால் கேட்க முடியவில்லை.

உன்,
பிரேமலா