தம்பியின் இடதுகைக் கிட்டார்

மார்ச் 3, செவ்வாய்
பதினெட்டாம் தேதி தம்பி வருகிறானாம், வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட. ஆறு வருடம் கழித்து! போன் செய்தது என் மனைவிக்கு. "அண்ணன் இருப்பாரா?" என்று கேட்டானாம். இருப்பாராம் — என்ன மரியாதை!

அலமாரி மேலிருந்து அவன் கிட்டாரை இறக்கினேன். இன்டர்வியூவுக்குப் போகாமல் மேடையில் வாசிக்கப் போனான் என்று நான் சுவரில் அடித்த அதே எலக்ட்ரிக் கிட்டார். கம்பியை முறுக்கும் கீ ஆறில் நான்கு வளைந்து கிடக்கின்றன. மறுநாளே வீட்டை விட்டுப் போனவன். அவன் வருவதற்குள் சரிசெய்துவிட வேண்டும்.

மார்ச் 5
உள்ளே ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தது. ஈயத்தை உருக்கி சால்டர் வைத்தேன், விரலையும் சேர்த்துச் சுட்டுக்கொண்டேன். நல்லா வேணும் எனக்கு.

மார்ச் 9
புதுக் கீ வந்தது. ஒன்றுகூடப் பொருந்தவில்லை. கிட்டார் கடைக்காரரிடம் கொண்டுபோனேன்.

"சார், இது இடதுகைக்காரங்க வாசிக்கிறது. தலைப்பக்கமே மாறியிருக்கும். கீயும் அதுக்குன்னு தனியா வாங்கணும். யாரோடது?"

"என் தம்பியோடது."

"தம்பி இடதுகைன்னு தெரியாதா?"

தெரியாமலா? சாப்பாட்டு மேசையில் முழங்கையால் இடித்துக்கொண்டே வளர்ந்தவன். ஆனால் கிட்டாரை எந்தக் கையால் மீட்டுவான் என்று ஒருநாளாவது பார்த்தேனா? அடுத்த அறையில் ஒன்பது வருடம் வாசித்தான். "கதவைச் சாத்துடா" என்பதைத் தவிர நான் வாய் திறந்ததில்லை. ச்சே.

மார்ச் 14
சரியான கீ கிடைத்தது. பழைய திருகாணி ஓட்டைகளில் பல்குத்தும் குச்சியைப் பசையோடு திணித்து, காயவிட்டு, புதிதாகத் துளை போட்டேன்.

"தம்பிகிட்ட பேசித் தீர்க்கிறத விட்டுட்டு மரத்தோட மல்லுக்கட்டுறீங்க" என்றாள் மனைவி. எங்கோ ஒரு இசைக்குழுவில் வாசித்துக்கொண்டிருப்பான் என்பது என் நினைப்பு. கேட்க எனக்கு முகமில்லை.

மார்ச் 16
ஆறு கம்பியும் சுருதியில் நிற்கின்றன. நாலு தடவை பார்த்துவிட்டேன்.

மார்ச் 18
வந்தான். இளைத்திருக்கிறான். கையெழுத்துக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

நான் நீட்டிய கிட்டாரை மடியில் வைத்துக் கீகளைத் தடவினான். "யார் மாட்டினது?"

"நான்தான்."

"நல்லா மாட்டியிருக்கே அண்ணா."

ஆறு வருடம் கழித்து அந்த 'அண்ணா'. "மன்னிச்சிடுடா" என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

"விடுண்ணா. எப்பவோ மறந்தாச்சு."

ஒரு பாட்டு வாசிடா என்றேன். வாசிக்கவில்லை. ஒவ்வொரு கம்பியாகத் தளர்த்தினான்.

"ஏன்டா?"

"சும்மா கிடக்கப் போறதுதானே. இறுக்கமா விட்டா கிட்டார் கழுத்து வளைஞ்சிடும்."

"நீ எடுத்துட்டுப் போகலையா?"

"எனக்கெதுக்கு? இங்கேருந்து போனதுலேருந்து தொட்டதே இல்ல. இப்ப ஆபீஸ் வேலை, காலைல போனா சாயங்காலம் வர்றேன். நீ ஆசைப்பட்ட மாதிரியே நிரந்தர வேலைண்ணா."

குத்திக்காட்டவில்லை. நல்ல செய்தி சொல்வதுபோலத்தான் சொன்னான்.

"சந்தோஷம்டா" என்றேன். கிட்டாரை வாங்கித் திரும்ப அலமாரி மேல் வைத்தேன்.