படகுத்துறைக் காட்சியின் கீழ்விளிம்பு

பிப்ரவரி 3

நெடுநாள் ஆலோசனைக்குப் பிறகு இன்று காலை ஒரு முடிவுக்கு வந்தேன். கூடத்து அலமாரியின் இரண்டாம் தட்டில் ஒரு விரற்கடை இடம் காலியாக விடப்படும். இனி அங்கே எதுவும் வைக்கக்கூடாது. முடிவு உடனடியாக அமலுக்கு வருகிறது.

அந்த இடம் நான் வருஷக்கணக்காகக் காத்திருக்கும் ஒரு பழைய படத்துக்கு. அது இன்னும் புளூரேயில் வரவில்லை. வரும் என்று யாரும் சொல்லவும் இல்லை. வரப்போகிறவருக்கு முன்கூட்டியே நாற்காலி போட்டு வைப்பதில்லையா?

மனைவியிடம் முறைப்படி அறிவித்தேன். அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"தூசி வந்து உக்காரலாமா, இல்ல அதுக்கும் தடையா?" என்றாள்.

பிப்ரவரி 9

சனிக்கிழமைக் கூட்டம், வழக்கம்போல மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில். பழைய படங்கள் சேர்க்கிறவர்கள் ஐந்து பேர். ஒரே படத்தை முதலில் கேசட்டாக வாங்கினோம், பிறகு டிவிடியாக, இப்போது புளூரேயாக. மூன்று முறை வாங்கிய படத்தை ஒரு முறைகூட முழுதாகப் பார்க்காதவர் ஒருவரும் எங்களில் உண்டு. அவரைத்தான் தலைவராக வைத்திருக்கிறோம்.

"அடுத்த வருஷம் கண்டிப்பா வந்துரும் சார்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். அவர் இதை ஒவ்வொரு வருஷமும் அதே உறுதியோடு சொல்கிறார். பார்வை மங்கியவர்களுக்கு நம்பிக்கை சொல்லிச் சொல்லி வந்த பழக்கமாக இருக்கலாம்.

முன்பு ஆறு பேராக இருந்தோம். ஆறாமவர் என் மைத்துனர், மனைவியின் அண்ணன். அவர் நாற்காலி இருந்த இடத்தில் இப்போது கண் சோதிக்கும் எந்திரம் நிற்கிறது.

பிப்ரவரி 10

ஞாயிறு. மூன்று வருஷம் முன்பு வரை ஞாயிறு என்றால் மச்சான் வீடுதான். காலையில் போனால் சாப்பிட்டு, படம் பார்த்து, பொழுது சாய்ந்துதான் திரும்புவோம்.

சண்டை எதற்கு என்று கேட்பவர்களிடம் சொத்துத் தகராறு என்றுதான் சொல்லி வருகிறேன். கௌரவமாக இருக்கிறது. உண்மையை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

அந்தப் படத்தை எடுத்தபோது கேமராவில் பதிவானது ஏறக்குறையச் சதுரமான பிம்பம். தியேட்டர்களில் மேலும் கீழும் கொஞ்சம் மறைத்து, அகலமாகக் காட்டினார்கள். டிவியில் ஒரு முறை எதையும் மறைக்காமல் முழுசாக ஒளிபரப்பிவிட்டார்கள். அதை மச்சான் கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்தார். கடைசியில் படகுத்துறைக் காட்சி. அவள் படகில், அவன் துறையில், நடுவில் ஒரு கம்பித் தடுப்பு. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தியேட்டரில் பார்த்தவர்களுக்கு இரண்டு முகம் தெரியும், அவ்வளவுதான். மச்சான் கேசட்டில் கீழ்விளிம்பையும் பார்க்கலாம். அங்கே தடுப்பின் மேல் அவன் சுண்டுவிரல் அவள் கையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

அன்று மச்சான் படத்தை நிறுத்திக் காட்டினார். "பாருங்க மாப்ள. இதை வெட்டினவனை என்ன பண்ணலாம்?"

நான் அதே காட்சியின் மேல்விளிம்பைக் காட்டினேன். அங்கே மைக்கின் மூக்கு தொங்கிக்கொண்டிருந்தது. இயக்குநர் மறைக்கச் சொன்ன பகுதி அது, பார்க்கச் சொன்னது இல்லை என்றேன். நான் ஓர் அச்சகத்தில் ஆயுள் முழுக்க மெய்ப்புத் திருத்தியவன். அச்சடித்த இடத்தைத்தான் படிக்க வேண்டும், ஓரத்தை இல்லை. அவர் ஆயுள் முழுக்க நிலம் அளந்தவர். ஒரு சாண் விட்டுக்கொடுத்தால் ஊரே போய்விடும் என்பது அவர் கட்சி.

"ஓரத்தை வெட்டி வெட்டியே மனுஷனும் ஓரமாப் போயிட்டீங்க" என்றார்.

"எல்லைக்கல் பேசறதை இன்னிக்குத்தான் கேக்கறேன்" என்றேன்.

சாப்பாடு எடுத்து வைத்திருந்தது. சாப்பிடாமல் கிளம்பினேன். மனைவியும் கூட வந்தாள். தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு அவளும் போகவில்லை. "நீங்க வராம நான் மட்டும் போய் நின்னா அண்ணி என்னன்னு நினைப்பாங்க?" அண்ணனோடு போனில் பேசுகிறாள். பால்கனிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு.

மார்ச் 2

கண்ணாடிக்கடைக்காரர் போன் செய்தார்.

"சார், உக்காந்திருக்கீங்களா?"

"நிக்கறேன்."

"உக்காருங்க."

உட்கார்ந்தேன். அந்தப் படம் வருகிறது. நெகட்டிவ் கிடைத்துவிட்டதாம். கம்பெனிக்காரர்கள் ஒரு கீறல் விடாமல் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார்களாம். ஒரே ஒரு சந்தேகம்தான், அதைச் சேகரிப்பாளர்களிடமே கேட்டிருக்கிறார்கள். படம் முழுசாக வரவேண்டுமா, அகலமாக வரவேண்டுமா? காரணத்தோடு எழுதலாம்.

இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 3

ஆறு பக்கம் எழுதினேன். நானே சொல்லக்கூடாது, நன்றாக வந்திருக்கிறது.

"அண்ணனும் எழுதுவாரில்ல?" என்றாள் மனைவி.

"எழுதட்டும்."

"ரெண்டு பேரும் ஒண்ணா எழுதுனா என்ன?"

"எதிர்க்கட்சியும் ஆளுங்கட்சியும் சேர்ந்து மனு குடுக்கறதா?"

"இதுல நீங்க ஆளுங்கட்சியாக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மார்ச் 5

தபாலில் சேர்த்தேன்.

மார்ச் 19

மச்சான் ஆஸ்பத்திரியில். அவர் மனைவி போன் செய்தார். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "இவருக்கு வயசென்ன?" என்று கேட்டாராம். அது நல்ல கேள்வி இல்லை.

மார்ச் 20

மனைவி மட்டும் போய் வந்தாள். குழாய் ரிப்பேர்காரர் வருவார், வீட்டில் ஆள் வேண்டும் என்று நான் இருந்துவிட்டேன். அவர் வரவில்லை. நான் அவரைக் கூப்பிடவும் இல்லை.

திரும்பி வந்தவள் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எங்கே வைப்பது என்று கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு அலமாரியின் காலியிடத்தில் செருகினாள். நான் ஆட்சேபிக்கவில்லை.

மார்ச் 23

போனேன். மனைவியும் வந்தாள். வழியெல்லாம் பஸ்ஸில் ஒரே வாக்கியத்தை மெய்ப்புப் பார்த்துக்கொண்டே போனேன். 'கை இருக்குது மச்சான், நானும் பாத்தேன்.' பிழையில்லாத வாக்கியம். அதைச் சொல்லிவிட்டால் போதும்.

ஜன்னலோரக் கட்டில். இவ்வளவு சின்ன மனிதரா அவர்? போர்வைக்குக் கீழே ஆள் இருக்கிறாரா என்று தேடவேண்டியிருந்தது.

"யாரு, மாப்ளயா?"

"ஆமா மச்சான்."

தங்கையிடம் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் அளந்தார். "இளைச்சுட்டீங்களே."

"இதை நீங்க சொல்றீங்க."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் ஓய வெகுநேரம் ஆனது. இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"டிஸ்க் வருதாமே" என்றார்.

"வருது."

"முழுசாத்தானே?"

பஸ்ஸில் திருத்திய வாக்கியம் எங்கே போனதோ. "தியேட்டர்ல எப்படிக் காட்டினாங்களோ அப்படித்தான மச்சான் வரணும்?"

மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். மச்சான் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஐந்து நாளாகத் தூக்கி உட்காரவைக்க வேண்டியிருந்த மனிதர்.

"அப்ப கையை என்ன பண்றது? படம் எடுத்தவன் கிறுக்கனா?"

"மைக்கையுந்தான் எடுத்திருக்கான். அதுவும் வேணுமா?"

"வேணும்! மைக்கோடயே குடுங்க! கை இருக்கற படத்துல மைக்கும் இருந்துட்டுப் போகட்டும், உங்களுக்கென்ன வலிக்குது?"

நர்ஸ் வந்தாள். "என்ன பெரியவரே இங்க சத்தம்?"

"சின்ன எல்லைத் தகராறும்மா. அளந்தா முடிஞ்சுரும்."

கிளம்பும்போது கூப்பிட்டார். "வாயால சொன்னா ஒத்துக்க மாட்டேன் மாப்ள. எழுத்துல ஆதாரம் கொண்டு வாங்க."

"கொண்டு வர்றேன்."

"சீக்கிரமா."

பஸ்ஸில் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். அதை ஏன் எழுதுகிறேன் என்றால், மூன்று வருஷமாக அவள் ஜன்னலோர சீட் பார்த்து வேறு வரிசையில்தான் உட்காருவாள்.

மார்ச் 24

ஆதாரம் திரட்டத் தொடங்கிவிட்டேன். கம்பெனிக்கு எழுதிய ஆறு பக்கம் பொதுவான வாசகருக்கு. மச்சானுக்கு அது போதாது, மனிதர் சங்கிலி பிடித்து அளந்தவர்.

"வாங்க, ஒரு எட்டு பாத்துட்டு வந்துரலாம்" என்றாள் மனைவி.

"இன்னும் முடியலை."

"எது முடியலை?"

"இரண்டாம் பகுதி."

மார்ச் 26

நூலகத்தில் பழைய சினிமாப் பத்திரிகைகளைப் புரட்டினேன். அந்தக் காலத்துத் தியேட்டர்களில் பிம்பத்தை மேலும் கீழும் மறைக்கச் செருகிய புரொஜெக்டர் தகடு ஒன்றின் அளவு கிடைத்தது. இதை மச்சானால் மறுக்க முடியாது.

மனைவி தனியாகப் போய் வந்தாள். "மாப்ள எழுதிட்டாரான்னு கேட்டார்."

"என்ன சொன்னே?"

"எழுதிட்டே இருக்காருன்னு சொன்னேன்."

மார்ச் 27

சுத்தப் பிரதி எடுத்தேன். நாளை அடிக்குறிப்புகளை முடித்துவிட்டு மதியம் போவதாக ஏற்பாடு.

மார்ச் 28

மச்சான் போய்விட்டார். காலையில். நான் அடிக்குறிப்புகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 31

எல்லாம் முடிந்தது. அந்த வீட்டுக் கூடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்து, "நீங்க ரெண்டு பேரும் முன்னெல்லாம் எப்படி ஒண்ணா இருப்பீங்க" என்றார்கள். தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

மனைவி ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினாள். அழாமல் பேசினாள் — அதுதான் தாங்கவில்லை.

"அவரு ஆதாரமா கேட்டாரு? மறுபடி வாங்கன்னு கேட்டாருங்க."

ஏப்ரல் 1

என்ன எழவுக்கு எழுதினேன்? வெறுங்கையோட போயிருந்தா என்ன? போய் நின்னு, 'மைக் மைக்'னு ரெண்டு தடவை கத்தியிருந்தா அவர் எழுந்து உக்காந்திருப்பாரே. தெனமும் உக்காந்திருப்பாரே. சீக்கிரமான்னு சொன்னாரே — அதையும் சொல்லித்தான அனுப்பினார்? ஆயுசு பூரா ஒரு எழுத்து விடாமப் படிச்சவன்னு பேரு. அந்த ஒரு வார்த்தை எப்படிக் கண்ணுல படாமப் போச்சு?

பதினான்கு பக்கம். யார் படிக்க?

ஏப்ரல் 2

எழுதவில்லை.

ஏப்ரல் 13

கூட்டத்துக்குப் போனேன். கம்பெனியின் அறிவிப்பு வந்திருக்கிறது. படம் அகலமாகவே வருகிறது. கருத்துகள் சரிபாதியாகப் பிரிந்திருந்ததாகவும், ஒரு சேகரிப்பாளரின் ஆறு பக்க விளக்கமே முடிவைத் தீர்மானித்ததாகவும் போட்டிருந்தார்கள். தலைவர் எழுந்து கை குலுக்கினார்.

"சாதிச்சுட்டீங்க சார்."

கண்ணாடிக்கடைக்காரர் எல்லோருக்கும் தேநீர் வரவழைத்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, கண் சோதிக்கும் எந்திரத்தின் மேல் ஒரு துணியை எடுத்துப் போட்டார். அவருக்கு மட்டும் ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 15

கம்பெனிக்கு இன்னொரு கடிதம். முழுப் படத்தையும் கூடவே இன்னொரு டிஸ்க்காகச் சேர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன். காரணம் எதுவும் எழுதவில்லை. நான் எழுதிய கடிதங்களிலேயே இதுதான் சிறியது. நாலு வரி.

ஏப்ரல் 29

பதில் வந்துவிட்டது. வேலை முடிந்து டிஸ்க் அச்சுக்குப் போய்விட்டதாம். மிகவும் மரியாதையான கடிதம். 'தங்கள் முதல் கடிதத்தின் வாதங்கள் எங்களுக்கு இன்னும் முழுமையாக ஏற்புடையவையே' என்று முடித்திருக்கிறார்கள்.

நான் ஜெயித்த வழக்கில் மேல்முறையீடு செய்து, நானே தோற்றிருக்கிறேன்.

மே 20

மனைவி பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே அண்ணியோடு போனில் பேசுகிறாள். இப்போது நான் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன.

ஜூன் 15

டிஸ்க் வந்தது. சாயங்காலம் போட்டேன். கூப்பிடாமலே மனைவி வந்து உட்கார்ந்தாள்.

இப்படி ஒரு தெளிவை நான் கண்டதில்லை. அவன் கோட்டுத் துணியில் நூலிழை தெரிகிறது. தண்ணீரில் வெளிச்சம் தனித்தனிப் புள்ளியாக நடுங்குகிறது. படகுத்துறையில் பனி. இரண்டு முகம். அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள் என்பதே இத்தனை வருஷம் கழித்து இன்றுதான் தெரிந்தது. மைக் இல்லை.

"கை எங்கே?" என்றாள் மனைவி.

"இதுல இல்லை."

"அண்ணன் வீட்ல இருந்துச்சே?"

"அது கேசட். இது தியேட்டர்ல காட்டினபடி."

படம் முடிகிற வரை இருந்தாள். படகு போய்விட்டது. விளக்கைப் போட்டாள், சோபா விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள்.

"நல்லா பளிச்சுனுதான் இருக்கு" என்றாள்.

ஜூன் 16

ஞாயிறு. காலையிலேயே தலைவாரிக் கிளம்பி நின்றாள். "அண்ணி வீட்டுக்குப் போயிட்டு வர்றேன். கேசட்டு இன்னும் ஓடுதாம்."

நானும் சட்டையை எடுத்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, "வெயிலா இருக்கு, நீங்க எதுக்கு?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

சட்டையைத் திரும்ப ஆணியில் மாட்டினேன்.

ஜூலை 7

மனைவி அண்ணி வீட்டில். நாலாவது ஞாயிறு. இருட்டுவதற்குள் வந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைச் சமையலை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.