பதினாலாம் பக்கத்துப் பாதை

என் டீச்சரம்மாவுக்கு,

போன் கிடைக்கல, அதான் பஸ் டிரைவர்கிட்ட இந்தக் கடுதாசி. நீயும் சின்னவளும் சுகம்தானே? பூர்வகுடி மக்களோட சேர்ந்து, அவங்க மலையில இருக்கிற பழங்காலப் புதைமேட்டைப் பத்தி எங்க ஆபீஸ் போட்ட பாடப்புத்தகத்தை எல்லாரும் மெச்சுறாங்க.

இன்னிக்கு, அதுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்த அந்த மலை அக்கா வந்தாங்க. பதினாலாம் பக்கத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போச்சு.

"மேட்டுக்குக் கிழக்கால நாங்க வெறுமையா விட்ட இடத்துல யாரு பாதை போட்டது?"

"படம் முடியலன்னு நினைச்சு ஆபீஸ்ல யாரோ போட்டிருப்பாங்க"ன்னேன்.

"அங்க அடியில பூரா பழைய குழி. மேல புல்லு மட்டும்தான். ஆடுகூட ஓட்டமாட்டோம். அச்சடிக்க முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பிள்ளைங்க யாரும் போகலையே?"ன்னாங்க.

நாளைக்கு நீ நாற்பது பிள்ளைங்களோட அந்தப் பாதையில போறதைச் சொன்னேன். அவங்க உடனே கயிறு வாங்கக் கடைக்குப் போயிருக்காங்க. நானும் அவங்களோட நேரா மேட்டுக்குத்தான் வர்றேன்.

பஸ் உங்க ஊருக்குக் காலையில ஏழு மணிக்குத்தான் வரும். நீங்க கிளம்புறதும் ஏழு மணி. கிளம்பாதே.

சின்னவ கையை விட்டுடாதே. அந்தப் பாதையில முதல் ஆளா ஓடணும்னு அவளுக்கு ஆசை காட்டினதே நான்தான். பாதையைப் போட்ட அந்த "யாரோ"வும் நான்தான்.

உன் வீட்டுக்காரன்