சனிக்கிழமைப் பின்னல்

அண்ணா,

இன்று கண் ஆஸ்பத்திரி வராந்தாவில் பினாயில் ஊற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை பட்டதும், ஃபேமிலி கோர்ட்டில் குழந்தைகளைப் பார்க்க விடுகிற அறையில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் பெயரைக் கூப்பிட்டதைக்கூடக் கவனிக்கவில்லை.

அண்ணி பாப்பாவோடு ஒக்கலிபுரத்துத் தாய்வீட்டுக்குப் போன பிறகு, சனிக்கிழமை ஒரு மணி நேரம் நீ மகளைப் பார்க்கலாம் என்று உத்தரவானது. பொம்மசந்திராவில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு, கம்பெனிக் குழாயிலேயே முகம் கழுவி, நான் வரும் ஆனேக்கல் பஸ்ஸில் ஏறிக்கொள்வாய். பண்டிகைக்காவது பாப்பாவை வீட்டுக்கு அழைத்து வர அனுமதி வேண்டும் என்று நீ போட்ட மனு வாய்தா மேல் வாய்தாவாக நின்றுகொண்டிருந்தது. வீட்டுச் செலவு எழுதுவது போலவே ஒவ்வொரு வாய்தாவையும் நான் எழுதி வைப்பேன். "அதையெல்லாம் எதுக்கு எழுதற, சாமிக்குக் காட்டவா?" என்பாய்.

முதல் சில வாரம் பாப்பா உன் முகத்தையே பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, எது கொடுத்தாலும் வேண்டாம் என்பதைக்கூடக் கன்னடத்தில் "பேடா" என்று சொல்லித் தள்ளிவிட்டாள். நான் மனதுக்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீ சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தாய்.

"மூஞ்சி காட்டலைன்னா போகுது. தலை பின்னறதுக்கு முதுகு இருந்தா போதும்."

"அம்மாவுக்குத்தான் பின்னத் தெரியும்."

"உங்க அத்தையைக் கேளு. அவ தலையிலதான் நான் பழகினேன்."

நிஜம்தான். நம் அம்மா காலை ஷிப்டுக்குப் போய்விட்டால் என் ஜடை உன் பொறுப்பு. பாப்பா திரும்பவில்லை. ஆனால் நகரவும் இல்லை.

நேரம் முடிந்து அழைத்துப்போக வந்த அண்ணி அந்த ஜடையைத் தொட்டுப் பார்த்தார்.

"இவ்வளவு இறுக்கினா சாயந்திரம் தலை வலிக்கும்."

"தளர்த்தினா உங்க பஸ் மெஜஸ்டிக் சேர்றதுக்குள்ள அவுந்துடும்."

வக்கீல்கள் இல்லாமல் நீங்கள் இருவரும் பேசி எவ்வளவு காலமாகியிருந்தது. அடுத்த சனிக்கிழமை பாப்பா தலை வாரி, பின்னாமல் வந்தாள். கையில் இரண்டு ரிப்பன். உன் முன்னால் தானாக வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். திரும்பும் வழியெல்லாம் நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். "ரிப்பன் குடுத்து அனுப்பியிருக்கா, பாத்தியா" என்று ஒரு தடவை மட்டும் சொன்னாய்.

மனு முடிவதற்குள் நீ வேலையிடத்திலேயே மாரடைப்பில் போய்விட்டாய். மனு போட்டவரே இல்லை என்று கேஸை மூடிவிட்டார்கள். சனிக்கிழமைகளும் அதோடு நின்றுபோயின.

போன வாரம் லாயர் போன் செய்தார். "அத்தைங்கற முறையில உங்க பேர்ல ஒரு மனு போட்டுப் பாக்கலாம்மா. கிடைக்குமான்னு சொல்ல முடியாது. கேட்டுப் பாக்கலாம்."

எனக்கு அவளைப் பார்க்க வேண்டும், அண்ணா. உன் காது அவளுக்கு. ஆனால் மறுபடி நோட்டீஸ் போகும், அண்ணி மறுபடி வக்கீல் வைப்பார், ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதிக் கொடுப்போம். யாரோ ஒரு அம்மாள் பாப்பாவைத் தனியே உட்காரவைத்து, உனக்கு யாரைப் பிடிக்கும் என்று கேட்பார். போன தடவை அப்படிக் கேட்டபோது அவள் ஃபிராக் நுனியை வாயில் வைத்துக் கடித்ததை நாம் இருவரும் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தோம்.

"வேண்டாம் சார்" என்றேன். "அவ இன்னொரு தடவை அந்தப் படி ஏற வேண்டாம்."

நீ கோபித்துக்கொள்வாயோ என்னவோ. எனக்கு வேறு தெரியவில்லை.

காலையில் விளக்கேற்றும்போது உன் பெயரையும் அவள் பெயரையும் சொல்கிறேன். முன்பெல்லாம் கூடவே தீர்ப்பு, பண்டிகை, விடுமுறை என்று நிறையக் கேட்பேன். இப்போது பெயர்களை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன்.