அடையாள அட்டையில் இல்லாத பேர்

டேய்,

இன்று மத்தியானம் எங்கள் குசினியில் அம்மா பாரைமீன் துண்டுகளுக்கு மேல் தேசிக்காய் பிழிந்தார். பொரிக்க முதல் வெடுக்குப் போக்கத்தான். பச்சை மீனும் புளியும் சேர்ந்த மணம் மூக்கில் ஏறியதும் நான் எழும்பி, சேட்டை மாட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு நடந்தேன். உடுக்கிற சேட்டைத்தான் சொல்கிறேன். மற்றச் சேட்டைகளை விட்டு எட்டு மாதமாகிறது. உன்னைப் பிடித்துக்கொடுத்தது நான் கூப்பிட்ட பட்டப்பேர் என்று உன் அம்மாவிடம் இன்றாவது சொல்லிவிட வேண்டும்.

அந்தப் பேர் பிறந்த கதையை என்னைவிட நீ நன்றாகச் சொல்வாய். துறைமுகத் தெருவில் கப்பல் அண்ணையின் சாப்பாட்டுக்கடை, நாலு வாங்கு போட்ட சின்னக் கடை. கப்பலில் சமைத்த காலத்தில் பெரு நாட்டுக்காரன் ஒருவனிடம் அவர் ஒரு சாப்பாடு பழகியிருந்தார். பச்சை மீனைச் சிறிதாக வெட்டித் தேசிப்புளியில் ஊறவைத்து, வெங்காயமும் உறைப்புக்குக் கொச்சிக்காயும் தூவி, அவித்த இனிப்பு வத்தாளங்கிழங்கோடு தருவது. ஊருக்குள் மண்ணெண்ணெய் வராமல் நின்றபோது அவர் கிழங்கை மட்டும் விறகில் அவித்துவிட்டு, மீனைப் புளியிடம் ஒப்படைத்தார். "நெருப்பு என்னத்துக்குத் தம்பி, புளியே அவிக்கும்" என்பார். ஆமி கடலுக்குப் போக விட்ட நாட்களில்தான் அது கிடைக்கும். அந்த நாட்களுக்கு நான் பெருநாள் என்று பேர் வைத்தேன்.

முதல் நாள் நீ கோப்பையைத் தள்ளிவிட்டாய்.

"பச்சை மீன் தின்ன நான் என்ன கொக்கே?"

"அப்ப இஞ்சால தள்ளு. கொக்குக்குப் பசிக்குது."

கொஞ்ச நேரத்தில் மூன்று கோப்பை முடித்திருந்தாய். அன்றிலிருந்து நீ பெரு. விரலை வெட்டிக்கொண்டால் அது பெருங்காயம். நீ விடும் ஏப்பம் பெருமூச்சு. வீட்டுக்கு மட்டும் இது தெரியாது. சைவக்காரரான உன் அம்மாவின் காதுக்குப் பச்சை மீன் கதை போகக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாய்.

அந்தச் சனிக்கிழமை காலை ஆமியின் சுற்றிவளைப்பு. தெருவில் இருந்த ஆண்களையெல்லாம் மைதானத்தில் வரிசையாக இருத்தினார்கள். உன் அட்டையைப் பார்த்துத் திருப்பித் தந்து, போகவும் சொல்லிவிட்டார்கள். வாசலுக்குப் பாதித் தூரம் போய்விட்டாய். நான் வரிசையில் இருந்தபடி, என் பயத்தை மறைக்கக் கத்தினேன். "டேய் பெரு, எனக்கும் ஒரு கோப்பை எடுத்து வைக்கச் சொல்லடா."

நீ திரும்பிச் சிரித்தாய். அதிகாரியும் திரும்பினார்.

ஆளுக்கு இரண்டு பேர் இருந்தால் ஒன்று இயக்கப் பேர் என்று எண்ணுகிற காலம். அது எனக்குத் தெரியும். தெரிந்த வாய்தான் கத்தியது.

"பெரு ஆர்? அட்டையில வேற பேர்."

"பட்டப்பேர் சேர். ஒரு சாப்பாட்டால வந்தது. அது ஒரு நாடு."

"சாப்பாடோ, நாடோ?"

"ரெண்டும் சேர்."

"அந்த நாட்டில எத்தினை மாசம் பயிற்சி எடுத்தனீ?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பேரை வைத்தவன் நான் என்று எழும்பிச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நீ என் பக்கம் பார்க்கவே இல்லை. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னை ட்ரக்கில் ஏற்றினார்கள்.

இன்று உன் அம்மா கதிரையை இழுத்துப் போட்டார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"இந்தப் பேர் எனக்குத் தெரியாதே" என்றார். "முகாம் முகாமாப் போய் அட்டையில உள்ள பேரைத்தானே நான் கேட்டனான். அப்பிடி ஒருத்தரும் இல்லையெண்டவங்கள்."

பிறகு மெல்லக் கேட்டார். "மற்றப் பேரில பதிஞ்சிருப்பாங்களோ, தம்பி?"

முதல் கிழமையே நான் வாயைத் திறந்திருந்தால், முதல் கிழமையே அந்தப் பேரைக் கேட்டிருப்பார்.

உன்னைத் தேடி முகாம்களுக்குக் கொண்டுபோகிற மனுவை அலுமாரியிலிருந்து எடுத்து வந்து பேனையையும் நீட்டினார். "உன்ர கையால எழுது. பிழை விடாமல் எழுது." உன் பேருக்குப் பக்கத்தில் எழுதினேன்: பெரு என்றும் அழைக்கப்படுபவர்.

"நாளைக்கு நீயும் வா. அந்தப் பேர் என்ர வாயில சரியா வராது."

"ஓம் அம்மா" என்றேன்.

எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தவர் எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. 'அழைக்கப்படுபவர்' என்பது இலக்கணத்தில் எதிர்காலம். உன் அம்மாவின் மனுவில் நீ அப்படித்தான் இருக்கிறாய். இந்த மடலிலோ சிரித்தாய், தள்ளினாய், திரும்பினாய் என்றே என் கை எழுதுகிறது. அந்தக் காலத்துக்கு வாத்தியார் சொல்லித்தந்த பேரை இங்கே எழுத எனக்கு ஏலாது. நாளை முகாம் வாசலில், உன் அம்மா பக்கத்தில் நிற்க, உன்னை எதிர்காலத்தில்தான் கேட்பேன்.